தை மாதக் கல்யாணப் பத்திரிகையில் ‘ஆகஸ்ட்’ எப்படி வந்தது?

கேள்வி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை 600 அடித்தாயிற்று. ஆங்கிலப் பக்கத்தில் ‘யுவர் ஆகஸ்ட் பிரசன்ஸ்’ என்று இருக்கிறது. சம்பந்தி வீட்டில் ஒருவர், “ஜனவரியில் கல்யாணம், பத்திரிகையில் ஆகஸ்டா?” என்று கேட்டுவிட்டார். அச்சகத்தில் சொன்னால், “மாற்றித் தருகிறோம், முழுப் பணமும் ஆகும்” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மறுபடி அடிக்கவே வேண்டாம். அங்கே இருப்பது மாதத்தின் பெயர் அல்ல. ‘மாண்பு மிக்க’, ‘பெருமதிப்புக்குரிய’ என்று பொருள் தரும் அடைமொழி. தமிழ்ப் பக்கத்தில் ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்று போட்டிருப்பீர்கள் அல்லவா? அந்த வருகைக்கு ஆங்கிலத்தில் சேர்த்த மரியாதை அது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ‘திஸ் ஆகஸ்ட் ஹவுஸ்’ என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பிப்ரவரியில் நடக்கும் பட்ஜெட் விவாதத்திலும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

சம்பந்தி வீட்டாருக்கு விளக்கம் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். அடைமொழிதான் மூத்தது, மாதம் பிறகு வந்தது. லத்தீனில் ‘அகுஸ்துஸ்’ என்றால் புனிதமான, வணங்கத்தக்க என்று பொருள். கோயிலுக்கும் சடங்கு செய்து புனிதமாக்கிய இடத்துக்கும் சொன்ன சொல். ஜூலியஸ் சீசரின் வளர்ப்பு மகன் ஒக்டேவியன் எதிரிகளையெல்லாம் வென்று ரோமைக் கையில் வைத்திருந்தபோது, செனட் சபை அந்தச் சொல்லையே அவருக்குப் பட்டமாகக் கொடுத்தது. அதனால்தான் அவரை ஆகஸ்டஸ் என்கிறோம். கொடுத்த நாள் கி.மு. 27 ஜனவரி 16. அதாவது உங்கள் வீட்டுக் கல்யாண மாதம்தான்!

அப்போது ஆகஸ்ட் என்று ஒரு மாதமே கிடையாது. அந்த மாதத்துக்கு ‘செக்ஸ்டிலிஸ்’, அதாவது ஆறாவது மாதம் என்று பெயர். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அது ஆறாவது. கி.மு. 8-ல்தான் செனட் அதற்கு அவர் பட்டத்தைச் சூட்டியது. அவர் பிறந்தது செப்டம்பரில். இருந்தாலும் ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவியை முதன்முதல் ஏற்றதும், எகிப்தை வென்றதும் செக்ஸ்டிலிஸ் மாதத்தில் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடைமொழியின் வேர் எது என்று ரோமானியர்களே இரண்டு விதமாகச் சொன்னார்கள். ‘வளர்த்தல், பெருக்குதல்’ என்ற வினையிலிருந்து வந்தது என்பது ஒன்று. விலை ஏறிக்கொண்டே போகும் ஏலத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஆக்‌ஷன்’, அதிகாரத்தைக் குறிக்கும் ‘அத்தாரிட்டி’ இரண்டும் அந்த வினையின் வழி வந்தவை. பறவைகள் பறப்பதையும் இரை எடுப்பதையும் பார்த்துச் சகுனம் சொல்வதோடு சேர்த்தது இன்னொன்று. நம் பழைய இலக்கியத்தில் புள் நிமித்தம் என்று வருகிறதே, அது போன்ற வழக்கம். உங்கள் பத்திரிகையில் ‘ஆஸ்பிஷியஸ்’ என்ற சொல்லும் நிச்சயம் இருக்கும். அதன் நேர்ப்பொருளே பறவை பார்த்தல்தான்.

இந்த மாதத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. ஜூலைக்கு 31 நாள் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆகஸ்டஸ், பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கித் தன் மாதத்தில் சேர்த்தாராம். தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். கி.மு. 45-ல் நடப்புக்கு வந்த ஜூலியஸ் சீசரின் நாட்காட்டியிலேயே அந்த மாதத்துக்கு 31 நாள் வந்துவிட்டது. பிப்ரவரிக்கு அதற்கும் முன்பிருந்தே 28 நாள். இந்தக் கதை 13-ஆம் நூற்றாண்டில் ஒருவர் எழுதிவைத்தது.

சரி, இப்போது பத்திரிகையைக் கையில் எடுத்து அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். சின்ன ‘ஏ’ என்றால் ஒரு குறையும் இல்லை. மாதப் பெயருக்கு மட்டுமே பெரிய எழுத்து. வாக்கியத்தின் நடுவில் பெரிய ‘ஏ’ இருந்தால் பிழைதான். ஆனால் அவசரப்படாதீர்கள். பத்திரிகையில் வரிகளை நடுவில் வைத்து, உடைத்து உடைத்து அடுக்குவார்கள். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் பெரிதாகப் போடும் வழக்கம் உண்டு. இந்தச் சொல் வரியின் தொடக்கத்தில் விழுந்திருந்தால் பெரிய எழுத்து சரியே. பக்கம் முழுக்கப் பெரிய எழுத்து என்றாலும் சரியே. பக்கத்தில் இருக்கும் ‘பிரசன்ஸ்’ எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதற்கும் முதல் எழுத்து பெரிதாக இருந்தால் அது அச்சகத்தின் பாணி, பிழை அல்ல. ‘பிரசன்ஸ்’ சின்னதாக, ‘ஆகஸ்ட்’ மட்டும் பெரிதாக, அதுவும் வரியின் நடுவில் இருந்தால்தான் டைப் செய்தவர் மாதம் என்று நினைத்துவிட்டார் என்று பொருள். அந்த ஒரு எழுத்துக்காக 600 பத்திரிகையை வீணாக்காதீர்கள்.

அப்படியும் மாற்றியே ஆகவேண்டும் என்று வீட்டில் சொன்னால், அந்த மேட்டர் யார் கொடுத்தது என்று முதலில் கேளுங்கள். அச்சகத்து ஆல்பத்தில் இருந்த மாதிரியை அப்படியே போட்டிருந்தால் திருத்தச் செலவை அவர்களையே ஏற்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் புரூஃபை வாட்ஸ்அப்பில் சின்னப் படமாக அனுப்புவார்கள். நீங்கள் மண்டப வேலையில் இருக்கும் நேரம் பார்த்து ‘ஓகே’ வாங்கிவிடுவார்கள். அப்புறம் எந்தத் தவறுக்கும் அந்த ‘ஓகே’யைத்தான் காட்டுவார்கள். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் ஒரே பேக்கேஜ் என்று பேசும் இடைத்தரகர் இன்னும் மோசம். மறுபடி அடித்தால் அவருக்கும் கமிஷன். அவரா ‘வேண்டாம்’ என்று சொல்லப் போகிறார்?

எனக்குக் கோபம் நம் பள்ளிக்கூடங்கள் மீதும்தான். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படிக்கிறோம். மாதப் பெயரில் அழுத்தம் முதல் அசையில், அடைமொழியில் ‘கஸ்ட்’ என்ற இரண்டாம் அசையில் என்று வகுப்பில் ஒருவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக் காட்டியிருந்தால் உங்களுக்கு இந்தச் சங்கடம் வந்திருக்காது. கைடில் இருப்பதை மனப்பாடம் செய்யச் சொல்லி மதிப்பெண் போட்டே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

வரவேற்புக்குத் தனி அட்டை இன்னும் அடிக்கவில்லை என்றால் ‘ஆகஸ்ட்’டை எடுத்துவிட்டு ‘கிரேஷியஸ்’ என்று போடச் சொல்லுங்கள். புரூஃபை மட்டும் தாளில் வாங்கி, தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரை வைத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.