பட்டையோடு கிடக்கும் தடிகள், மாவு கொட்டும் கட்டில்கள்: வாசகர் கேள்வி பதில்

தென்னை, நெல் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, மரத்தில் விழும் பூச்சி பற்றி வந்தவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். மருந்து கடைசியில்தான் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (பேராவூரணி): வீடு கட்டத் தோட்டத்தில் இரண்டு மாமரமும் ஒரு வாகையும் வெட்டினோம். வேலை தள்ளிப்போனதால் தடிகள் பட்டையோடு நாலு மாதமாகக் களத்து ஓரத்தில் கிடக்கின்றன. ராத்திரி பக்கத்தில் நின்றால் உள்ளே கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கிறது. பட்டையைப் பெயர்த்தால் வெள்ளைப் புழு. ஊசியில் மருந்து ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம், காசுதான் போகும். நீங்கள் கேட்பது நீள்கொம்பு வண்டின் புழு மரத்தைச் சுரண்டும் சத்தம். உடம்பைவிட நீளமான மீசை வைத்திருக்குமே, ராத்திரி விளக்கடிக்கு வந்து விழுமே, அந்த வண்டு. அந்த இனத்தில் பலவற்றுக்கு நன்றாக இருக்கும் மரத்தைவிட வெட்டிப்போட்ட மரம்தான் தோது. வெட்டிய சில நாட்களிலேயே வாசம் பிடித்து வந்து பட்டை இடுக்கில் முட்டை வைத்துவிடும். பொரிந்த புழு நேராக மரத்துக்குள் இறங்காது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே சத்து நிறைந்த ஈரமான அடுக்கு ஒன்று இருக்கிறது, முதல் சில வாரங்களை அங்கேதான் ஓட்டும். பெயர்த்த பட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள், அகலமாக, தட்டையாக, நெளிந்து நெளிந்து போகும் பாதைகளும் அதில் அடைத்து வைத்த மரத்தூளும் தெரியும். புழு பாலாடை நிறத்தில், கால் இருப்பதே தெரியாமல், தலைப்பக்கம் மட்டும் அகன்று, நுனியில் கரும்பழுப்புத் தாடையோடு இருக்கும். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் மரத்தின் வெளிவட்டமான வெள்ளைப் பகுதிக்குள் முட்டை வடிவ ஓட்டை போட்டு இறங்கும், போகிற வழியைத் தூளால் அடைத்துக்கொண்டே போவதால் ஊசி மருந்து அதைப் போய்ச் சேராது.

அதனால் இன்றைக்கே ஆள் விட்டுப் பட்டையை உரியுங்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் புழுக்களைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இறங்கியவற்றுக்கு வழி, தடியைத் தாமதிக்காமல் மில்லுக்கு அனுப்பி அறுப்பதுதான். பெரும்பாலான புழு ஓரத்து வெள்ளையில்தான் இருக்கும், அந்த ஓரத்துண்டுகளை விறகாக எரித்துவிடுங்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டுச் சுவரோரம் அடுக்காதீர்கள். மரம் காய்ந்தால் எல்லாப் புழுவும் செத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். காய்ந்த மரத்தில் சத்துக் குறைவதால் வளர்ச்சி மெதுவாகுமே தவிர சில புழுக்கள் பிழைத்துக் கிடக்கும். நிலை வைத்து, பாலிஷ் போட்டு, கிரகப்பிரவேசமும் முடிந்து வருடங்கள் கழித்து நிலையிலிருந்து வண்டு வெளியே வரும். நாம் ஆசாரியைத் திட்டுவோம், பாவம் அவர்.

அடுத்த முறை வெட்டினால் முதல் வாரத்துக்குள் பட்டை உரிந்துவிட வேண்டும். இதில் ஒரு சிக்கலும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்: பட்டை இருந்தால் பூச்சி, உரித்தால் வெடிப்பு. உரித்த தடி வெயிலில் கிடந்தால் முனையிலிருந்து கீறல் விடும். அதற்குத்தான் இரண்டு வெட்டுமுனையிலும் மெழுகோ தாரோ பழைய பெயின்டோ கெட்டியாகப் பூசி, நிழலில், மண்ணில் படாமல் கட்டைகளின் மேல் ஏற்றி வைப்பது.

கேள்வி (செங்கோட்டை): மரவாடியில் வாங்கிய வெளிநாட்டுத் தடியை அறுத்தபோது பலகை முழுக்க ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். சுற்றிலும் கறுப்பாக இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: விலையைக் குறைத்துக் கேளுங்கள், திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஓட்டை ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், உள்ளே தூள் இருக்காது, ஓரம் கறுத்திருக்கும். இது அம்ப்ரோசியா வண்டின் வேலை. எனக்கு மிகவும் பிடித்த பூச்சி இது, ஏனென்றால் இது மரத்தைத் தின்பதே இல்லை. ஈரத் தடியில் சுரங்கம் தோண்டி, தன் உடம்பில் இருக்கும் சின்னப் பைகளில் கொண்டுவந்த பூஞ்சணத்தைச் சுவரில் விதைத்து, முளைக்கும் பூஞ்சணத்தைத் தானும் தின்று குஞ்சுகளுக்கும் கொடுக்கிறது. அந்தக் கறுப்பு, பூஞ்சணம் விட்ட கறை. புதிதாக வெட்டிய தடியில் இது வேலை செய்யும்போது, சில வகைகள் தூளைக் குச்சி மாதிரி வெளியே தள்ளும். பட்டையில் வெள்ளைப் பல்குத்தும் குச்சிகள் நட்டு வைத்தது போல நிற்கும், தொட்டால் உதிர்ந்துவிடும்.

பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். பலகை காய்ந்ததும் அது செத்துவிடும், வண்டுக்குச் சோறு கிடையாது, கதை முடிந்தது. வீட்டில் மற்ற மரத்துக்குப் பரவாது. வலிமையும் பெரிதாகக் குறையாது. பார்வைக்குத்தான் அசிங்கம், பெயின்ட் அடிக்கும் இடத்தில் போடுங்கள்.

கேள்வி (சேலம்): மாம்பலகையில் செய்த கட்டில், இரண்டு வருடம் ஆகிறது. தினம் காலையில் அடியில் வெள்ளை மாவு கொட்டிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தாயிற்று. நிற்கவில்லை.

பதில்: முந்தைய கேள்விக்காரருக்குச் சொன்ன ஆறுதலை உங்களுக்குச் சொல்ல முடியாது. இது காய்ந்த மரத்தில் வரும் உளு. விரலில் எடுத்துத் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழவழவென்று இருந்தால் லிக்டஸ் வகை வண்டு. ஓட்டை பெரிதாக இருந்தால் சைனோசைலான் போன்ற இன்னொரு வகையாக இருக்கும். இரண்டுக்கும் வேண்டியது வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்து. மா, ரப்பர், இலவம் எல்லாம் அதற்கு விருந்து. லிக்டஸ் வண்டு மரத்தின் நுண்துளைகளுக்குள் முட்டை வைக்கும், அதனால் பாலிஷோ வார்னிஷோ நன்றாக அடைத்த பரப்பில் வைக்க முடியாது. உங்கள் கட்டிலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், கட்டாயம் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் பார்க்கும் ஓட்டை, வண்டு வெளியே போன வாசல். அதில் மண்ணெண்ணெய் ஊற்றுவது திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவதுதான். புழு வேறு பாதையில் தின்றுகொண்டிருக்கும். அரிப்பு அதிகமான சட்டத்தை, கத்தி முனையால் குத்தினால் உள்ளே போகிறதென்றால், கழற்றி மாற்றிவிடுங்கள். மற்றவற்றில் பாலிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு, பத்து லிட்டர் வெந்நீரில் 450 கிராம் வெங்காரமும் 300 கிராம் போரிக் ஆசிட்டும் கரைத்து, காயக் காய மூன்று நான்கு முறை பூசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் கையில் கரைசல் படக் கூடாது. நன்றாகக் காய்ந்த பின் அடிப்பக்கம் உட்பட எல்லா முகத்திலும் வார்னிஷ். காய்ந்த மரத்தில் இந்தக் கரைசல் ஆழமாக இறங்காது என்பதால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழு இன்னும் சில மாதம் மாவு தள்ளலாம், புதிதாக வைக்க விடாது என்பதுதான் லாபம். ஈரப் பலகையை, அறுத்த கையோடு இதே கரைசலில் முக்கி எடுத்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் உப்பு தானாகவே உள்ளே ஊறிப் போகும். ரப்பர் மரத்தை நாற்காலியாக்க முடிந்ததே இந்த வழியில்தான். மழை படும் இடத்துக்கு இது ஆகாது, கரைந்து போய்விடும்.

வாங்கும் முன்பே சோதிக்க ஒரு வழி: மெடிக்கலில் கிடைக்கும் டிஞ்சர் அயோடினை வெட்டுமுனையின் வெள்ளைப் பகுதியில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது, உளு வரும் மரம்.

கேள்வி (தேனி): தேக்குக்கு உளு வராது என்றார்கள். எங்கள் தோட்டத்துப் பதினைந்து வருடத் தேக்கில் வந்திருக்கிறதே?

பதில்: வராது என்பது வைரத்துக்கு, அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதிக்கு. தேக்கின் வைரத்தில் டெக்டோகுயினோன் போன்ற பொருள்கள் இருக்கின்றன, கறையானே முகம் சுளிக்கும். வெள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, மாவுச்சத்து வேறு இருக்கிறது. பதினைந்து வருட மரத்தில் வெட்டுமுகத்தைப் பாருங்கள், வெள்ளை வளையம் எவ்வளவு தடிமன் என்று. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டி இளம் தேக்கை விற்கிறார்கள், அந்தத் தூண்கள் முதிர்ந்த காட்டு மரத்தின் வைரம். உங்கள் மரத்தில் வெள்ளையைச் செதுக்கித் தள்ளினால் அளவு குறையும், வயிறு எரியும், ஆனால் நிலைக்கதவுக்கு அதுதான் சரி.

கேள்வி (கூடலூர்): மூங்கிலை அமாவாசையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா?

பதில்: அமாவாசையை நான் நம்பவில்லை, பருவத்தை நம்புகிறேன். மூங்கில் குருத்து விடுவதற்கு முன்னால் கோடையில் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும், மழையில் குருத்து கிளம்பும்போது அது செலவாகிவிடும். கோடையில் வெட்டியதை உளு வேகமாகப் பிடிப்பது அதனால்தான். பூத்து முடிந்த மூங்கிலில் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடுவதால் உளு அவ்வளவாக விழாது, இதைக் கவனித்திருப்பீர்கள்.

பெரியவர்கள் சொன்னதில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டியது குளத்தில் ஊறப்போடுவது. இரண்டு மூன்று மாதம் முழுதாக மூழ்கிக் கிடந்தால் சர்க்கரையும் மாவுச்சத்தும் கரைந்தும் புளித்தும் போய்விடும். நாற்றம் குடலைப் பிடுங்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லைக் கட்டி அமுக்குங்கள், மிதக்கும் பாகத்தில் வண்டு உட்காரும். பெரிய தடிகளுக்கும் இது பொருந்தும்: தண்ணீருக்குள் கிடக்கும்வரை எந்த வண்டும் துளைக்காது, வெடிப்பும் விடாது. கறையானுக்கு மட்டும் இந்த வைத்தியம் செல்லாது.

கேள்வி (பண்ருட்டி): அடுக்கி வைத்த தடிகளில் செல் (கறையான்) ஏறுகிறது. பழைய இன்ஜின் ஆயில் பூசலாமா?

பதில்: வேலிக் காலுக்குப் பூசுங்கள். வீட்டுச் சாமானுக்குப் போகும் மரத்தில் பூசினால் பசையும் பிடிக்காது, பாலிஷும் பிடிக்காது. உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயைத்தான் படகுக்கே பூசுகிறார்கள். தோலில் பட்டால் வெந்துவிடும், ஜாக்கிரதை. எதைப் பூசினாலும் முதலில் தடியைத் தரையிலிருந்து ஒரு முழமாவது கல் மேல் தூக்குங்கள். செல் மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும், வாரம் ஒருமுறை குனிந்து பார்த்துத் தட்டிவிட்டால் போதும். முன்பு மரவாடிகளில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடரை மாவு போலத் தூவுவார்கள், 1997இலேயே இந்தியாவில் அது தடை செய்யப்பட்டுவிட்டது, யாராவது பழைய மூட்டையைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவி): மரத்துளைப் பூச்சியால் காடே அழிந்தது உண்டா?

பதில்: மத்திய இந்தியாவின் சால் மரக் காடுகளைப் பற்றிப் படியுங்கள். நம் கதைகளில் இராமன் துளைத்த மராமரம் அதுதான் என்பார்கள். ஹோப்லோசெராம்பிக்ஸ் என்ற நீள்கொம்பு வண்டு அந்த மரத்தின் வைரம்வரை துளைக்கும். 1920களில் ஒரு முறை, 1990களின் பிற்பகுதியில் மறுபடியும், மத்தியப் பிரதேசத்தில் பெருவாரியாகக் கிளம்பி எண்ணற்ற மரங்களை வெட்ட வேண்டிவந்தது. அதைப் பிடிக்கும் முறைதான் சுவாரசியம். மழை தொடங்கியதும் வண்டுகள் வெளிவரும், அப்போது ஒரு சால் மரத்தை வெட்டித் துண்டாக்கி, பட்டையை நசுக்கிச் சாறு கசிய வைப்பார்கள். வாசம் பிடித்து வரும் வண்டுகள் சாற்றைக் குடித்துக் கிறங்கிக் கிடக்கும். பழங்குடி மக்கள் பொறுக்கித் தலையைக் கிள்ளி வைத்துக்கொள்வார்கள், தலைக்கு இவ்வளவு என்று வனத்துறை எண்ணிக் கூலி கொடுக்கும். வெட்டிய தடிகளை அடுத்த மழைக்குள் காட்டைவிட்டு ஏற்றிவிடுவதும் இந்தப் பயத்தில்தான்.

கேள்வி (சென்னை): துறைமுகத்திலிருந்து வரும் பழைய பேலட் கட்டையில் அலமாரி செய்யலாமா? பூச்சி வருமா?

பதில்: கட்டையின் பக்கத்தில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் அரை மணி நேரம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அன்றைக்கு உள்ளே இருந்தது எல்லாம் செத்திருக்கும். எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். சூடு வைத்தியத்தால் பின்னால் வரும் பூச்சியைத் தடுக்க முடியாது, கடையில் எத்தனை நாள் வெளியே கிடந்ததோ. வாங்கி வந்ததும் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் ஒரு வாரம் வையுங்கள், மாவு கொட்டினால் தெரிந்துவிடும்.