மூலையில் ஏன் பொட்டு விழுகிறது?

கேள்வி: பழைய ஆஸிலாஸ்கோப்பை (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) எக்ஸ்-ஒய் முறையில், அதாவது ஒரு வோல்டேஜ் புள்ளியைப் பக்கவாட்டிலும் இன்னொன்று மேலும் கீழும் நகர்த்தும்படி வைத்து, மைக்ரோகன்ட்ரோலரோடு எண்ணை வோல்டேஜாக மாற்றும் எம்சிபி4922 சிப்பைச் சேர்த்து, கோடுகளாலேயே படம் வரையும் வெக்டர் விளையாட்டு செய்து பார்க்கிறேன். படுக்கைக் கோடும் நெட்டுக் கோடும் ஒழுங்காக வருகின்றன. சாய்வுக் கோடு மட்டும் படிக்கட்டு மாதிரி இருக்கிறது. கோடுகள் சேரும் மூலையெல்லாம் பளிச்சென்று ஒரு பொட்டு வேறு. சிப் கெட்டுப் போயிருக்குமோ?

பதில்: சிப் மேல் பழி போடாதீர்கள். வந்த மதிப்பை எப்போது வெளியே விடுவது என்று சிப்புக்குச் சொல்லும் எல்டாக் என்ற பின்னை கிரவுண்டில் கட்டியிருப்பீர்கள், பந்தயம் கட்டலாம். நானும் முதல் போர்டில் ஒரு பின்னை மிச்சம் பிடிக்க அதைத்தான் செய்தேன். அப்படிக் கட்டினால் எக்ஸ் மதிப்பு போய்ச் சேர்ந்த உடனே பீம் (திரையில் வரையும் எலக்ட்ரான் கற்றை) பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஒய் மதிப்பு வந்த பிறகுதான் மேலே ஏறும். படிக்கட்டு அதுதான். எல்டாக்கைத் தனி வயரில் ஹையாக வைத்திருங்கள். இரண்டு மதிப்பையும் அனுப்பி முடித்தபின் ஒரு தடவை லோவுக்கு இறக்கி ஏற்றுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் மாறும்.

பொட்டு வேறு கதை. அடுத்த கோடு எங்கே போகிறது என்று உங்கள் புரோகிராம் யோசிக்கும் நேரமெல்லாம் பீம் மூலையில் சும்மா நிற்கிறது. நிற்க நிற்க வெளிச்சம் கூடும். 1979-ல் வந்த ஆஸ்டராய்ட்ஸ் என்ற, பாறைகளைச் சுடும் ஆர்கேட் விளையாட்டில் குண்டுகள் மட்டும் ஏன் அப்படி ஜொலிக்கின்றன? நீளமே இல்லாத கோடாக, பீமை ஒரே இடத்தில் நிறுத்தி வரைகிறார்கள். அங்கே வேண்டுமென்றே செய்தது உங்களுக்குத் தொல்லையாக வந்திருக்கிறது!

அந்த இயந்திரத்தில் 1.5 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர் எதையும் வரைவதில்லை. 'இங்கே போ, இந்தப் பாறையை வரை' என்று மெமரியில் ஒரு பட்டியல் எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. படித்து வரைவதற்கென்றே தனி சர்க்யூட் உண்டு. நீங்களும் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு ஒன்றில் எழுதட்டும், குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் டைமர் இன்டரப்ட் மற்றதை வரையட்டும். பீம் இடம் மாறும்போது ஸ்கோப்பில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இசட் இன்புட் வழியாக அணைத்துவிடுங்கள். எந்த வோல்டேஜுக்கு அணைகிறது என்பது ஸ்கோப்புக்கு ஸ்கோப் மாறும், மேனுவலைப் பாருங்கள்.

வேகத்துக்கும் அளவு உண்டு. இந்த சிப் ஒரு மதிப்பில் நிலைகொள்ளச் சுமார் 4.5 மைக்ரோசெகண்ட் எடுக்கும். புள்ளிக்கு 5 என்று வைத்து, நொடிக்கு 40 தடவை திரையைப் புதுப்பித்தால் ஒரு தடவைக்கு 5,000 புள்ளி கிடைக்கும். தாராளம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். புரோகிராம் தொங்கினால் பீம் அப்படியே நின்று திரையைச் சுட்டுவிடும். என் ஸ்கோப்பில் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி இருக்கிறது. பிழை தேடும் மும்முரத்தில் டீ குடிக்க எழுந்து போனதன் ஞாபகார்த்தம். பழைய ஆர்கேட் மானிட்டர்களில் இதைத் தடுக்கவே பீம் நகராமல் நின்றால் அதை அணைக்கும் 'ஸ்பாட் கில்லர்' சர்க்யூட் இருந்தது. நீங்கள் சோதிக்கும்போது வெளிச்சக் குமிழைக் குறைத்தே வையுங்கள்.

கேள்வி: இதையே கலரில் செய்யலாமா?

பதில்: அந்த ஸ்கோப்பில் முடியாது, அதன் திரையில் பீம் பட்டு ஒளிரும் பூச்சு, பாஸ்பர், ஒரே நிறம்தான். 1981-ல் டெம்பஸ்ட் என்ற ஆர்கேட் விளையாட்டு கலரில் வந்தது மூன்று எலக்ட்ரான் கன் உள்ள பிக்சர் டியூபால். முதலில் சாய்வுக் கோட்டைச் சரி பண்ணுங்கள், கலரைப் பிறகு பார்க்கலாம்.