கேங்ஸ்டர் படங்களின் நாயகர்கள் ஏன் பெரும்பாலும் பிழைக்கப் போனவர்களாகவே இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பணத்தாசைதானே காரணம் என்றும் சேர்த்துக் கேட்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் படங்களில் பணம் பின்னால்தான் வருகிறது. விட்டு வந்த ஊர்க்காரர்கள் முன்னால் ஒருநாள் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஏக்கம்தான் முதலில் வருகிறது.

எங்களுக்கு நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். மும்பை தாராவியில் சொந்தக்காரர் யாரும் இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அந்தச் சொந்தக்காரர்கள் ரயிலேறி வருவார்கள். கொடைக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கும் வரி போக மும்பைக்காரர்கள் தனியாக நன்கொடையும் கொடுப்பார்கள். வில்லுப்பாட்டுக்கு நடுவே ஒலிபெருக்கியில் பெயரையும் தொகையையும் வாசிப்பார்கள். தொகை பெரிதென்றால் பந்தலில் நாற்காலி முன்வரிசைக்கு வரும். அந்தப் பணம் எப்படி வந்தது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தோல் பட்டறையில் முதுகொடிய உழைத்துச் சேர்த்த ஐந்நூறு ரூபாய்க்கு அங்கே என்ன மதிப்பு? பிழைக்கப் போகிற பையனின் மனதில் ஆசையை முதலில் விதைப்பது மும்பை அல்ல, நாம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ‘காட்பாதர்’ இரண்டாம் பாகத்தை (1974) பாருங்கள். இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து தனியாகக் கப்பலேறி 1901இல் நியூயார்க் வந்து சேரும் சிறுவன் விட்டோ, வளர்ந்து ஒரு மளிகைக் கடையில் ஒழுங்காக வேலை பார்க்கிறான். தன் இனத்துக் கடைக்காரர்களிடமே மாமூல் வாங்கும் ஃபனூச்சி, தன் உறவுக்காரனை அந்தக் கடையில் சேர்த்துவிட, விட்டோவுக்கு வேலை போகிறது. முதலாளி மனம் கேட்காமல் ஒரு பெட்டி நிறையச் சாமான் கொடுக்கிறார். விட்டோ பணிவாக மறுத்துவிடுகிறான். அன்று அவன் வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரே ஒரு பேரிக்காய். அதை மேசைமேல் வைத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்க்கிறான்.

பிறகு பக்கத்து வீட்டு கிளெமென்சா ஒரு மூட்டையை ஒளித்துவைக்கச் சொல்கிறான். உள்ளே துப்பாக்கிகள். செய்த உதவிக்குப் பதிலாக, தன் நண்பன் ஒருவன் கம்பளம் தருவான் என்று சொல்லி கிளெமென்சா விட்டோவை ஒரு பணக்கார வீட்டுக்கு அழைத்துப் போகிறான். வாசலில் போலீஸ்காரர் நிழல் தட்டியதும் கிளெமென்சா துப்பாக்கியோடு கதவோரம் பதுங்கும்போதுதான் அது திருட்டு என்று புலப்படுகிறது. போலீஸ்காரர் போய்விடுகிறார். இருவரும் கம்பளத்தைச் சுமந்து வந்து விட்டோவின் வீட்டில் விரிக்கிறார்கள். குழந்தையை அதன்மேல் விடுகிறார்கள். விட்டோவை யாரும் மிரட்டவில்லை. தெரிந்த மனிதன், தாய்மொழியில், செய்நன்றி என்ற பெயரில் கொண்டுவந்து கொடுத்ததை அவனால் மறுக்க முடியவில்லை.

நம் பக்கத்துக் கதைக்கும் அதே வாசல்தான். ‘வெந்து தணிந்தது காடு’ (2022) படத்தில் முத்து மும்பையில் போய்ச் சேர்வது நம் ஊர்க்காரரின் பரோட்டா கடைக்கு. புது ஊரில் பாஷை தெரியாத பையனுக்கு அடைக்கலம் கொடுக்கும் கைதான் அவனைக் கும்பலுக்குள்ளும் இழுக்கிறது. ‘நாயகன்’ பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

என்னை அதிகம் கலங்கவைப்பவன், பின்னாளில் தாதாவாகிவிட்ட விட்டோவின் மகன் மைக்கேல். முதல் பாகத்தில் (1972) தங்கையின் கல்யாணத்துக்கு ராணுவ உடையில் வருகிறான். குடும்பத் தொழிலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று காதலியிடம் சொல்கிறான். அவன் ஏற்கெனவே அமெரிக்கன் ஆகிவிட்டவன், பணத்துக்கும் குறைவில்லை. குண்டடிபட்ட அப்பா ஆஸ்பத்திரியில் காவலுக்கு ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்த இரவில்தான் அவன் மாறுகிறான். அப்பா மேல் வைத்த பாசமே அவனுக்குத் தூண்டில். மகனுக்காகத்தான் அப்பா இந்த வழியில் இறங்கினார், அதே வழியில் மகனும் போகிறான். இதைவிடப் பெரிய தண்டனையை எந்தப் போலீஸாலும் கொடுத்திருக்க முடியாது.

‘ஸ்கார்ஃபேஸ்’ (1983) எனக்கு அவ்வளவு பிடித்த படமல்ல, கூச்சல் அதிகம். ஆனால் ஒரு காட்சிக்காக அதை மதிக்கிறேன். கியூபாவிலிருந்து வந்த டோனி, தாயிடம் ஆயிரம் டாலர் நீட்டுகிறான். எப்படி வந்தது என்று அவள் கேட்கிறாள், வாங்க மறுத்து அவனை வெளியே துரத்துகிறாள். எங்கள் ஒலிபெருக்கி கேட்காத கேள்வியைக் கேட்ட தாய் அவள்.

1993இல் வந்த ‘எ பிராங்ஸ் டேல்’ படத்தையும் தேடிப் பாருங்கள். இளம் விட்டோவாக நடித்த ராபர்ட் டி நீரோ இயக்கிய முதல் படம் அது. அதில் அவர் பஸ் டிரைவர். மகன் தாதாவிடம் வாங்கிச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு நேராக அந்த தாதாவிடமே போய்த் திருப்பிக் கொடுக்கிறார். பயம் இருக்கிறது, ஆனாலும் போகிறார். மற்றப் படங்கள் துப்பாக்கி தூக்கியவனுக்குத் தரும் கம்பீரத்தை இந்தப் படம் ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தருகிறது. தாராவியில் விடியுமுன் எழுந்து மாவரைத்து, இட்லிப் பாத்திரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஒருநாள் ஓர் ஊர்க்காரர் ஒரு மூட்டையோடு வந்திருப்பார். வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிக் கதவைச் சாத்திய அந்த ஒருவரின் கதையைத் தமிழில் யாராவது இரண்டரை மணி நேரப் படமாக எடுக்க வேண்டும்.