சோதனை முடிவுச் சுருக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் மென்பொருள் குழுவில் இரவுதோறும் ஏறத்தாழ இரண்டாயிரம் தானியங்கிச் சோதனைகள் ஓடி, காலையில் முடிவு மின்னஞ்சலில் வருகிறது. சோதனைக்கு ஒரு வரி வீதம் பச்சையும் சிவப்புமாக நீளும் அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. வட்ட வரைபடமும் இன்னும் சில வண்ணங்களும் சேர்த்தால் எளிதாகுமா?

ச.

அன்புள்ள ச.,

வரைபடம் வேண்டாம். பெரும்பகுதி பச்சையாக இருக்கும் வட்டத்தில் மிஞ்சிய சிவப்புக் கீற்று, தலைப்பில் விழுந்த எழுத்துப்பிழையா, பணம் செலுத்தும் பகுதியே முடங்கிவிட்டதா என்பதைச் சொல்லாது. காலையில் அந்த அஞ்சலைத் திறப்பவருக்குத் தெரிய வேண்டியது, இந்தப் பில்டை (தொகுத்த மென்பொருள் பதிப்பை) வெளியிடலாமா, கூடாதென்றால் யார் எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே; மற்றவை லாகில் (ஓட்டத்தின் விவரப் பதிவில்) இருந்தால் போதும்.

வெற்றி பெற்றவற்றுக்கு ஓர் எண் போதும். ஆனால் அந்த எண்ணையும் நீக்கிவிடாதீர்கள். அமைப்புக் கோப்பில் நேர்ந்த தவறால் சோதனை எதுவுமே ஓடாத நாளிலும் 'தோல்வி 0' என்றுதான் வரும். பைத்தான் நிரல்களுக்கான சோதனைக் கருவியான பைடெஸ்ட், அந்த நிலைக்கென்றே 5 என்ற தனி எக்ஸிட் கோடு (ஓட்டம் முடிந்ததும் திருப்பும் எண்) வைத்திருக்கிறது. ஓடியவை, தோற்றவை, தவிர்க்கப்பட்டவை மூன்றும் நேற்றைய எண்ணிக்கையோடு முதல் வரியில் இருக்கட்டும். நேற்று 2,014 ஓடி இன்று 1,630 மட்டும் ஓடியிருந்தால், தோல்வியே இல்லாவிட்டாலும் அதுதான் அன்றைய முதற்செய்தி.

தோல்விகளைப் பெயர்வரிசையில் அடுக்குவதுதான் வாசிப்பவரை அதிகம் களைப்படையச் செய்கிறது. தரவுத்தள இணைப்பு அறுந்து நாற்பது சோதனைகள் விழுந்தால் செய்தி ஒன்றுதான். பிழைச்செய்தியில் சோதனைக்குச் சோதனை மாறும் நேரம், அடையாள எண், தற்காலிகக் கோப்புப் பாதை ஆகியவற்றை நீக்கிவிட்டு ஒப்பிட்டால், அந்த நாற்பதும் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடும். 'மதிப்பு இல்லை' போன்ற பொதுவான செய்திகள் மட்டும் தொடர்பற்ற காரணங்களையும் ஒன்றாக்கிவிடும் என்பதால், பிழை உங்கள் நிரலின் எந்த வரியில் எழுந்தது என்பதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். எதிர்பார்த்த விடை வராததும் சோதனையே நடுவில் முறிந்ததும் வெவ்வேறு. சோதனை முடிவுகளைப் பதியும் கோப்பு வடிவமான ஜேயூனிட் எக்ஸ்எம்எல் இரண்டையும் தனித்தனியாகத்தான் பதிகிறது, அறிக்கை தயாரிப்பவர்கள்தாம் கலந்துவிடுகிறார்கள். இன்று புதிதாகத் தோற்றவை மேலே, பல நாளாகத் தோற்றுக்கொண்டிருப்பவை கீழே.

ஒரு வரிக்குள் காரணம் முதலில் வரட்டும்: 'எதிர்பார்த்தது 1180.00, வந்தது 1180.01 – விலைப்பட்டியல், வரிக் கணக்கு' என்பதுபோல. நீண்ட கோப்புப் பாதையில் தொடங்கும் வரி, திரையின் அகலத்துக்கேற்ப வெட்டப்படும்போது இழப்பது காரணத்தைத்தான்.

வண்ணம் இருக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர் உள்ளனர். அதோடு, நீண்ட லாகில் தேடுகிறவருக்கு வண்ணத்தைத் தேட வழியில்லை. 'தோல்வி' என்ற சொல்லை ஒவ்வொரு தோல்வி வரியின் தொடக்கத்திலும் அச்சிட்டு, ஒரே தலைப்பில் வந்த ஒவ்வொரு தோல்வித் தொகுப்புக்கும் அதன் முழு லாகுக்கான இணைப்பைக் கொடுத்துவிடுங்கள்.