வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை அடியோடு நிறுத்த வேண்டுமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரினை அப்பா சாப்பிடுகிறார், கீரையை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. உங்கள் அப்பா அநேகமாக இதய வால்வு மாற்றியவராக இருப்பார். கீரையைத் தொடவே கூடாது என்று உறவினர்கள் பயமுறுத்தியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

நாங்கள் பென்னாகரம் பக்கம். களியும் கீரைக் கடைசலும் இல்லாமல் எங்களுக்கு ஒரு வாரம் ஓடாது. பெங்களூரில் அம்மாவுக்குச் செயற்கை வால்வு பொருத்திய டாக்டர், வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்குக் கீரை சாப்பிடலாம், திடீரென்று கூட்டவோ குறைக்கவோதான் கூடாது என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அதன் வேலையைத் தடுக்கிறது. கீரையிலோ அந்த வைட்டமின் நிறைய இருக்கிறது. சாப்பிடும் கீரையையும் சேர்த்துத்தான், ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மாத்திரையின் அளவை முடிவு செய்கிறார்கள். அந்த எண் கூடக் கூட ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று அர்த்தம். கீரையை விட்டால் அதே மாத்திரை உடம்புக்கு அதிகமாகிவிடும்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் பேச்சைக் கேட்டு அம்மா கீரையை விட்டுவிட்டார். அந்தச் சமயம் பார்த்து வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் வாய்வார்த்தையாகச் சொல்லி வாங்கிய மாத்திரை மெட்ரோனிடசோல் என்பது பிறகுதான் தெரிந்தது. அட்டையில் பெயர் இருந்த பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்திருந்தார்கள். கல்லீரல் வார்ஃபரினைச் சிதைப்பதை மெட்ரோனிடசோல் தடுக்கும். வார்ஃபரின் ரத்தத்திலேயே தேங்கிவிடும். பல் துலக்கியபோது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. முழங்கையில் கத்தரிக்காய் நிறத்தில் பெரிய திட்டு. தர்மபுரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஐ.என்.ஆர். 7-ஐத் தாண்டியிருந்தது. அம்மாவுக்கு இருக்க வேண்டியது 2.5 முதல் 3.5 வரை. படுக்கவைத்து, வார்ஃபரினை நிறுத்தி, ஐ.என்.ஆரை மெல்ல இறக்கினார்கள்.

மருத்துவர் அல்லாதவன் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் வருவார்கள். மாத்திரையைக் கூட்டிக் குறைக்க நான் யாருக்கும் சொல்லவில்லை. கீரைக்கு இத்தனை பயப்படும் ஊர், பெயர் தெரியாத மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ளத் தயங்குவதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் கூட வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். வார்ஃபரின் சாப்பிடுகிறோம் என்பதை எந்தக் கடையிலும் முதலில் சொல்லுங்கள். அட்டையை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. ஐ.என்.ஆர். பார்க்க எங்கள் ஊரில் வசதி கிடையாது. காலை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. நெஞ்சில் தையலோடு இருப்பவர் உட்கார நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை இல்லை. மனு கொடுத்தும் பதில் இல்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இதே நிறுத்தத்தில்தான் ஜீப்பை விட்டு இறங்கினார்கள்.

உங்கள் அப்பா ஏற்கெனவே கீரையை நிறுத்தியிருந்தால், நீங்களாக மறுபடி தொடங்கிவிடாதீர்கள். எப்போது நிறுத்தினார், முன்பு வாரத்தில் எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் சொல்லி, ஐ.என்.ஆர். பார்த்த பிறகு தொடங்குங்கள்.