படகின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

வணக்கம் அம்மா,

பல போட்டோக்களை ஒன்றாக ஒட்டிக் கனவுப் படம் செய்யும் வேலையையே உங்கள் மகன் தொழிலாக எடுக்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைவிட, அதோடு தம்பி வைத்து அனுப்பிய படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படுக்கையறை. கலைந்து கிடக்கும் போர்வை மெல்ல மெல்லக் கடல் அலையாக மாறுகிறது. அதன் மேல் ஒரு மரப்படகு. போர்வை மடிப்பு அலையாகும் இடத்தில் மாஸ்க் போட்டிருக்கும் விதம், அதாவது ஒரு படத்தின் வேண்டாத பகுதியை மறைத்திருக்கும் விதம், பிரமாதம். துணி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. ஆனால் படகு மட்டும் ஒட்டவில்லை.

ஏன் ஒட்டவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். “இதை நம்பி இவனை விடலாமா” என்று கேட்டீர்களே, அதற்கான பதில் இதில்தான் இருக்கிறது.

அறையில் ஜன்னல் இடப்பக்கம் இருக்கிறது, வெளிச்சம் அங்கிருந்து வருகிறது. அப்படியானால் படகின் நிழல் வலப்பக்கம் விழ வேண்டும். இவன் படத்தில் இடப்பக்கமே விழுகிறது. வெயிலில் எடுத்த படகை அதன் நிழலோடு வெட்டி ஒட்டிவிட்டான். அறையின் காலை வெளிச்சத்தில் நீலம் கலந்திருக்கிறது, படகின் மேலோ மத்தியான வெயில். படுக்கை கண்மட்டத்திலிருந்து எடுத்த படம். படகை யாரோ உயரத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள், அதனால் அதன் உட்பக்கம் முழுவதும் தெரிகிறது. இரண்டு படங்களின் அடிவானமும் ஒத்துப்போகாவிட்டால், நிறத்தை எவ்வளவு சரிசெய்தாலும் கண் நம்பாது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. “என்னமோ இடிக்குதே” என்பார்.

இதில் ஒன்றுகூட மென்பொருள் தெரியாததால் வந்த தவறு இல்லை. பென் டூலில் ஓரம் வரைந்து வெட்டுவது, லேயர்களை (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்குகளை) அடுக்குவது, நிழலுக்கு இருட்டாக்கும் மல்டிப்ளை, தீப்பொறிக்கு வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் என்று அடுக்குகள் கலக்கும் விதத்தை, அதாவது பிளெண்டிங் மோடை, மாற்றுவது எல்லாம் சில மாதங்களில் கைவந்துவிடும். இவனுக்கு வந்தும்விட்டது. வெளிச்சத்தைப் பார்க்கும் கண் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் மென்பொருளை மட்டும் சொல்லித்தரும் குறுகியகாலப் பயிற்சிகளில் பணம் கட்டிவிடாதீர்கள் என்கிறேன். போட்டோகிராஃபி, நுண்கலை, விஷுவல் கம்யூனிகேஷன் மாதிரி கேமராவையும் பென்சிலையும் கையில் கொடுக்கும் படிப்பாகப் பாருங்கள்.

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த மோகம் என்று அவன் அப்பா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். படங்களைத் திருத்தும் மென்பொருளான போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது 1990இல். ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற புகைப்படக் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கியது 1857இல்! பின்னால் வந்த புகைப்படக் கலைஞர் ஜெர்ரி யூல்ஸ்மன், இருட்டறையில் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர்கள் பலவற்றை வைத்துக்கொண்டு, ஒரே தாளை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தி, மரவேர்களின் மேல் நிற்கும் வீட்டை உருவாக்கினார். இன்றைக்கு ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் யோஹான்சன் இருக்கிறார். அவர் படித்தது, உங்களுக்குப் பிடித்தமாதிரி, கணினிப் பொறியியல். முதலில் காகிதத்தில் வரைந்து பார்ப்பார், பிறகு தேவையான துண்டுகளைத் தானே போய்ப் படமெடுப்பார். எல்லாத் துண்டுகளுக்கும் கோணமும் வெளிச்சமும் பொருந்த வேண்டும் என்பது அவர் விதி. கணினி முன் உட்காருவதெல்லாம் அதற்கப்புறம்தான். தம்பி தலைகீழாகச் செய்கிறான்: கணினியில் தொடங்கி, பொருந்தும் படத்தைத் தேடுகிறான். இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கிறான் என்றீர்களே, அதற்குப் பாதிக் காரணம் அந்தத் தேடல்தான் என்று நினைக்கிறேன்.

சரி, வருமானத்துக்கு வருகிறேன். கனவுப் படங்களை மட்டுமே விற்றுப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் விளம்பரம், பொருள்களின் ரீடச்சிங் (படத்தை மெருகேற்றுவது), புத்தக அட்டை, போஸ்டர் என்று அடுத்தவர் கேட்பதைச் செய்துதான் சம்பாதிக்கிறார்கள். சினிமாவில் காம்போசிட்டிங் என்று ஒரு துறை உண்டு. தம்பி செய்வதையே அங்கே நகரும் படத்தில் செய்கிறார்கள், வேலையும் பெரும்பாலும் குழுவாக நடக்கும். தனியாகவே உட்கார்ந்து பழகியவனுக்கு அது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஏஐ வந்த பிறகு பின்னணியை வெட்டி நீக்குவது, கம்பியை அழிப்பது போன்ற தொடக்கநிலை வேலைகள் சுருங்கிவருவது உண்மைதான். 2023இல் போட்டோஷாப்புக்குள்ளேயே, எழுதிக் கேட்டால் படத்தை நிரப்பித் தரும் வசதி வந்துவிட்டது. அது தருவதிலும் நிழல் தப்பாக விழும். தப்பு எது என்று சொல்லத் தெரிந்தவனைத்தான் வேலைக்கு வைப்பார்கள்.

இன்னொன்று. அந்தப் படகுப் படம் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். “நெட்டில் கிடைத்தது” என்றால், விற்கப்போகும் எந்தப் படத்திலும் அனுமதி இல்லாமல் அதை வைக்க முடியாது. உரிமையோடு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தானே எடுக்க வேண்டும். செய்திப்படத்தில் இந்த வித்தையைக் காட்டக்கூடாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் 1982இல் அட்டைக்குப் பொருந்த வேண்டுமென்று பிரமிடுகளைப் படத்தில் நெருக்கிவைத்தது, அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள்.

முடிவை இப்போதே எடுக்க வேண்டாம். மூன்று மாதம் கொடுங்கள். மூன்றே படங்கள், எல்லாத் துண்டுகளும் அவனே எடுத்தவை, காகிதத்தில் வரைந்த பிறகே தொடங்க வேண்டும். அலுப்பில்லாமல் முடித்தானென்றால் அவன் அப்பாவிடம் நானே பேசுகிறேன். பாதியில் விட்டாலும் திட்டாதீர்கள், எந்த இடத்தில் விட்டான் என்பதே எனக்குப் பயன்படும்.

அடுத்த முறை அவனை அழைத்து வரும்போது படகுப் படத்தின் லேயர் பிரிந்த ஃபைலையும் எடுத்துவரச் சொல்லுங்கள். நிழலைப் பற்றி நான் எழுதியதை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். அவனே கண்டுபிடிக்கிறானா என்று பார்க்க வேண்டும்.