முழுசாகக் கழுவ நேரமில்லாதபோது காரை எப்படிச் சுத்தமாக வைப்பது?

இரண்டு முழுக் கழுவலுக்கு நடுவில், பத்து நிமிடத்தில் மேல் தூசியை மட்டும் எடுப்பதைத்தான் இடைச்சுத்தம் என்கிறேன். நம் கொங்குப் பக்கம் இது கட்டாயம் வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, பல்லடம், உடுமலைப் பக்கம் காலையில் துடைத்த வண்டியை மாலைக்குள் மண்ணாக்கிவிடும்.

அந்தத் தூசியைக் காய்ந்த துணியால் மட்டும் துடைக்காதீர்கள், தயவுசெய்து. அதிலுள்ள நுண்மணல் பெயின்டின் மேல்பூச்சைவிடக் கடினமானது. துணிக்கு அடியில் அது உப்புத்தாள் போலத் தேய்த்து, வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்களைப் போட்டுவிடும். மண் ஒட்டிய வட்டலை அலசிவிட்டுத்தானே தேய்க்கிறோம்? அதேதான். வண்டியை நிழலில் நிறுத்தி, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். துணியை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்துக்கு மாற்றுங்கள். சேறு அப்பியிருந்தால் இது சரிவராது, தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

அப்புறம், பறவை எச்சத்தை அன்றைக்கே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் பெயின்டை அரிக்கும்.

மழையில் நனைந்தால் கழுவின மாதிரிதான் என்று பலர் நினைக்கிறார்கள். துளி காய்ந்ததும் அதிலிருந்த தூசி அங்கேயே கறையாக நின்றுவிடும்.